தலைவர் வீட்டுக்குள் கடல்

"உன் படத்தைப் பார்த்துட்டு ஒருத்தர், ஒரே ஒருத்தர், ஏதாவது செஞ்சிருந்தா சொல்லு. நான் இத்தோட வாயை மூடிக்கறேன்."

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் குரல் சமையலறை ஜன்னல் வழியே கிளம்பி எதிர்ச்சாரி மாடிவரை போனது. அந்த வாரத்தில் இது மூன்றாவது சண்டை. எதிர்வீட்டில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்கள்.

தெருவில் அவர் மனைவிக்கு 'வெள்ளப்படக்காரி' என்று பெயர். கடல் ஏறுவதையே ஆறு வருஷமாகப் படமெடுத்துக்கொண்டிருந்தால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அறுபத்து மூன்று இடங்களில் போட்டுக் காட்டியாயிற்று. எங்கும் ஒரே கதைதான். விளக்கு எரிந்ததும் மூக்கை உறிஞ்சுவார்கள், கைதட்டுவார்கள், காரில் ஏறி ஏசியைப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். ஒருமுறை ஓர் அம்மாள் மட்டும் ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தாள். குடையை மறந்துவிட்டாளாம்.

இந்த முறை சண்டைக்குக் காரணம், அவள் படத்தை வெட்டி மறுபடி ஒட்டிக்கொண்டிருந்ததுதான். ஊர்க்கோடி நிலக்கரி மின் நிலையத்தில் இன்னும் இரண்டு உலை கட்டலாமா கூடாதா என்று திங்கட்கிழமை முடிவாகவிருந்தது. முடிவெடுக்கும் குழுவில் ஏழு பேர் என்பது பெயருக்குத்தான். தலைவர் எந்தப் பக்கம் தலையாட்டுகிறாரோ அந்தப் பக்கமே மற்ற ஆறு தலையும் ஆடும். அந்த ஒரு ஆளுக்காக நான்கு நிமிடம் புதிதாகச் செய்தாள். கடற்கரைச் சாலையில் இருக்கும் அவர் வீட்டையே படத்துக்குள் கொண்டுவந்து, தண்ணீர் எந்த வருஷம் அவர் வாசற்படியைத் தொடும், எந்த வருஷம் சோபாவை நனைக்கும், எந்த வருஷம் மாடிப்படி ஏறும் என்று கணினியில் வரைந்து காட்டினாள். இரண்டு வாரமாகச் சோறும் இல்லை, தூக்கமும் இல்லை.

"ஊரே முழுகுதுன்னு சொன்னா யாரும் திரும்பிப் பார்க்கறதில்லீங்க. தன் வீட்டுச் சுவர் நனையுதுன்னாதான் மனுஷன் எழுந்திருப்பான்" என்றாள்.

"அந்த ஆளுக்குக் கிட்டத்துல இருக்கறதும் தெரியாது, தூரத்துல இருக்கறதும் தெரியாது. நானே சோதிச்சுப் பார்த்திருக்கேன்" என்றார் கணவர்.

வாய்தான் அப்படி. தலைவரை அழைத்ததும் அவர்தான். புதுக் கண்ணாடி வாங்க வந்தவரின் மூக்கில் சட்டத்தைப் பொருத்தியபடியே, வீட்டுக்காரி ஒரு படம் எடுத்திருக்கிறாள், ஐயா அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும் என்று நூல் விட்டார். தன் கண்ணாடி இன்னொருவர் கையில் இருக்கும்போது யாரும் மாட்டேன் என்பதில்லை.

சனிக்கிழமை மாலை தலைவர் வந்தார். கண் பரிசோதிக்கும் அறையில் எழுத்துப் பலகையைக் கழற்றிவிட்டு, அந்தச் சுவரிலேயே படத்தை ஓட்டினார்கள். தன் வீட்டுக்குள் தண்ணீர் நுழைந்ததும் தலைவர் நாற்காலியின் விளிம்புக்கு வந்தார். புதுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த நான்கு நிமிடத்தை மறுபடி போடச் சொன்னார். பிறகு இன்னொரு தடவை.

அப்புறம் கேள்விமேல் கேள்வி. கணக்குப் போட்டது யார், பிசகுமா, வரைபடத்தில் நீலம் எதுவரைக்கும் வரும், பச்சை எந்த இடம் என்று நோண்டி நோண்டிக் கேட்டார். ஆறு வருஷத்தில் அவளிடம் இரண்டாவது கேள்வி கேட்ட முதல் மனிதர். வரைபடத்தை அவர் மடியிலேயே விரித்து வைத்து ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள்.

வாசலில் தலைவர் கைகூப்பினார். "இத்தனை நாள் கண்ணிருந்தும் குருடனா இருந்துட்டேன்மா. இனிமே நான் சும்மா இருந்தா மனுஷனே இல்லை."

சொன்ன சொல் தவறாமல் கணவர் வாயை மூடிக்கொண்டார். இரண்டு நாள் அந்த வீட்டிலிருந்து ஒரு சத்தமும் வராததில் எதிர்ச்சாரிக்குத்தான் சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பேப்பரில் வந்துவிட்டது. இரண்டு உலைக்கும் அனுமதி. ஒருமனதாக.

அவள் கத்தவில்லை, அழவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு, கணினியின் இணைப்பைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். கணவர் டீ போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நடிச்சிருக்கார்ங்க" என்றாள். "நான் காட்டினதுல ஒரு வார்த்தையைக்கூட அவர் நம்பலை. இனிமே யார்கிட்ட போய் என்னத்தைக் காட்டறது?"

சொல்லிக் காட்ட அது நல்ல தருணம். ஆனால் அவருக்கு மனசு வரவில்லை. ஆறிப்போன டீயைத் தானே குடித்து முடித்தார்.

வியாழக்கிழமை வீட்டுச் சொந்தக்காரர் மேட்டுத் தெருவில் மூச்சு வாங்க ஏறி வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. ஒரு மாசத்தில் வீட்டைக் காலி செய்து தரவேண்டும், தப்பாக நினைக்கக்கூடாது என்று கதவு நிலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். வீட்டை விற்றுவிட்டாராம்.

"யாருக்கு?" என்றார் கணவர்.

"தலைவருக்குத்தான். ஊர்ல கடல் எட்டாத மேடு இந்தத் தெரு ஒண்ணுதானாமே? அம்மா படத்தை வரிக்கு வரி நம்பறேன்னு சொல்லி, கேட்ட விலைக்கு முடிச்சுட்டார்."

மறுமாதம் தலைவர் குடும்பம் மேட்டுக்கு வந்து சேர்ந்தது. வெள்ளப்படக்காரியும் அவள் கணவரும் அலையாத இடமில்லை. கடைசியில் அவர்கள் கைக்கு எட்டிய வாடகையில் கிடைத்தது, கடற்கரைச் சாலையில் தலைவர் காலி செய்துவிட்டு வந்த வீடுதான்.