ஓவர்டைம் புட்டு

சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவே ஜெயசீலனுக்குக் கூசியது. மனைவி மெற்றில்டா, ஊரில் சண்டைக் காலத்தில் ஆமி பிடித்துக்கொண்டுபோன தன் தம்பியின் படத்துக்கு விடியவே மெழுகுதிரி கொளுத்திய கையோடு அவித்துக் கட்டிக்கொடுத்த புட்டு. சனிக்கிழமை ஓவர்டைம் என்று அவளிடம் புளுகிவிட்டு, கூட வேலை செய்யும் பீற்றரோடு தென் ஜெர்மனியின் ஓபர்ஸ்டோர்ஃப் மலைப்பாதையில் நடக்க வந்திருந்தான்.

“மனுசிக்கு உண்மையைச் சொல்லியிருக்கலாமே?” என்று ஜெர்மன் மொழியில் கேட்டான் பீற்றர்.

“ஏலாது. ஏச்சோட முடியிற பொய்யில்லை இது. நீ வீட்டில என்ன சொன்னனி?”

“நானும் ஓவர்டைம் எண்டுதான்.”

பீற்றர் புட்டை விரலால் குழைத்து வாயில் போட்டான். “நல்ல ருசி. அவவுக்குச் சொல்லு.”

ஜெயசீலன் மிச்சப் புட்டையும் அவன் பக்கம் தள்ளிவிட்டான்.

அவர்கள் உட்கார்ந்திருந்தது வால்சர்களின் பழைய மரவீடு ஒன்றின் முன்னால். பல நூறு வருடங்களுக்கு முன்பு மலை தாண்டி வந்து குடியேறிய சனம் அவர்கள். இப்போது அங்கே சாப்பாட்டுக் கடை நடத்தும் வால்சர் பெண் கோப்பி கொண்டுவந்து வைத்தாள்.

“எந்த நாடு?”

“இலங்கை” என்றான் ஜெயசீலன்.

“இலங்கை” என்றான் பீற்றரும்.

அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “நாங்கள் வால்சர் ஆக்கள், எந்த மலையில சந்திச்சாலும் எங்கட பாஷையிலதான் கதைப்பம். ஒரே நாட்டுக்காரர் நீங்கள், ஏன் ஜெர்மனில கதைக்கிறியள்?”

ஜெயசீலன் வெறும் பெட்டியை மூடினான்.

பீற்றர்தான் பதில் சொன்னான். “இவனுக்குச் சிங்களம் தெரியாது. எனக்குத் தமிழ் தெரியாது.”