கரகரப்பு

பாட்டு கேட்பதற்கென்றே ஒதுக்கிய அந்தச் சின்ன அறையில், இடதுபக்க ஸ்பீக்கருக்கு இருப்பே கொள்ளவில்லை. எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரு கரகரப்பு கேட்டது.

"எல்லாம் இந்த மொட்டைச் சுவராலதான். நான் ஒண்ணு பாடினா அது நாலாத் திருப்பி அடிக்குது" என்று புலம்பியது.

"எனக்கு அப்படி ஒண்ணும் தெரியலையேப்பா" என்றது வலதுபக்க ஸ்பீக்கர்.

டியூப்லைட் ஓரத்திலிருந்த பல்லி "ச்சு ச்சு" என்றது.

"பாத்தியா, பல்லியே சொல்லிடுச்சு!"

வீட்டுக்காரரும் சுவரில் கனமான திரையை மாட்டினார். எதிரொலி அடங்கியது, கரகரப்பு அடங்கவில்லை.

"அப்போ தரைதான்" என்றது ஸ்பீக்கர். பல்லி அதற்கும் சொன்னது. மறுநாள் தரைக்குக் கம்பளம் வந்தது. பிறகு பழி கூரைமேல் விழுந்தது. அங்கே பஞ்சுப் பலகை ஏறியதும், இடம் பறிபோன பல்லி இறங்கிவந்து இடது ஸ்பீக்கரின் முதுகில் ஒட்டிக்கொண்டது.

சுவர், தரை, கூரை எல்லாம் வாயை மூடிக்கொண்டன. வீட்டுக்காரர் பாட்டைப் போட்டார். கரகரப்பு முன்னைவிடத் துல்லியமாகக் கேட்டது. அவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அவர் தன் பக்கம் வருவதைப் பார்த்த ஸ்பீக்கர் மெதுவாகக் கேட்டது: "ஒருவேளை... நானா இருக்குமோ?"

முதுகிலிருந்து பல்லி சொன்னது: "ச்சு ச்சு."