ஐம்பத்திரண்டு விநாடி

"உங்க டாஷ்போர்டு திறக்கிறதுக்குள்ள கீழ போய் ஒரு சாய் குடிச்சுட்டு வந்துடலாம், கலியமூர்த்தி" என்றார் வத்சலா மேடம்.

கலியமூர்த்தி கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

"இன்னிக்கு எல்லார் டாஷ்போர்டுக்கும் அந்தச் சாய் தேவைப்படும் மேடம்."

புசா ரோட்டில் இருந்த அந்தக் கூரியர் கம்பெனியில், நாடு முழுவதும் எத்தனை பார்சல் எங்கே கிடக்கிறது என்று காட்டும் டாஷ்போர்டு பக்கம் ஒன்பது வருடமாக அவர் பொறுப்பு. பதினோரு கோடி வரி டேட்டா. யார் திறந்தாலும் அத்தனையையும் புதிதாகத் துழாவித்தான் விடை சொல்லும். ஒரு நிமிடம் ஆகும். லைவ் என்றால் அப்படித்தான் என்பது அவர் கட்சி.

ஏழு மாதத்துக்கு முன் வந்த சுபிக்ஷா, போட்டியாக இன்னொரு பக்கம் செய்திருந்தாள். வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு இரண்டையும் தானே திறந்து பார்ப்பதாக மேடம் சொல்லியிருந்தார். எது வேகமோ அது நிலைக்கும். அதைச் செய்தவர் டீமுக்குத் தலைமை. மற்றவர் அவருக்குக் கீழே.

மகள் வயதுப் பெண்ணிடம் லீவு கேட்டு நிற்பதா? கலியமூர்த்திக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

சுபிக்ஷா மூன்று மணியிலிருந்தே வேறு ஒரு மீட்டிங்குக்காக மேடத்தின் அறையில் இருந்தாள். அவள் முன்னால் மேடத்தின் பிளாஸ்க்கிலிருந்து ஊற்றிய காபி. ஒன்பது வருடத்தில் அந்த பிளாஸ்க் அவருக்காகத் திறந்ததில்லை. போதாததற்கு மேடம் அவளைச் 'சுபி' என்று வேறு கூப்பிடுகிறார். அவரை யாரும் 'கலி' என்று கூப்பிட்டதில்லை.

"மொதல்ல உங்களோடது" என்று மேடம் தட்டினார். திரையில் சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. ஐம்பத்தெட்டு விநாடி.

"அச்சா. இப்ப சுபியோடது."

கலியமூர்த்தி நாற்காலி நுனிக்கு வந்தார். சுபிக்ஷா கண்ணை மூடிக்கொண்டாள்.

சக்கரம் வரவே இல்லை. பக்கம் பளிச்சென்று விரிந்தது.

"ரெண்டே செகண்டு!" என்றார் மேடம்.

"எப்படி ஆகும்?" கலியமூர்த்தி எழுந்துவிட்டார். "கோல்மால் மேடம் இது! வேற பெரிய சர்வர்ல கள்ளத்தனமா ஓட்டுது இந்தப் பொண்ணு."

"நஹீ சார், அதே சர்வர்தான்."

"பின்ன என்ன பண்ணே, சுபி?"

"பெருசா ஒண்ணும் இல்ல மேடம். மொதல்ல திறக்கிறவங்களுக்கு, சாரோடது மாதிரியே பதினோரு கோடி வரியையும் தேடும். லேட்தான் ஆகும். ஆனா கிடைச்ச விடையைப் பத்து நிமிஷம் பத்திரமா வெச்சுக்கும். அதுக்குள்ள வேற யார் திறந்தாலும் அதையே எடுத்துக் குடுத்துடும்."

"ஊசிப்போன கணக்கு! இதுக்குப் பேர் லைவா?" என்றார் கலியமூர்த்தி.

"லக்னோவுக்குப் பார்சல் போகவே ரெண்டு நாள் ஆகுது. பத்து நிமிஷத்துல என்ன ஊசிப்போகும்?" என்ற மேடம் சுபிக்ஷா பக்கம் திரும்பினார். "அப்ப மொதல்ல மாட்டிக்கிறவன் பாவம், இல்ல?"

"ஆமா மேடம். எல்லாரும் உபயோகிக்க ஆரம்பிச்சுட்டா யாராவது திறந்துக்கிட்டே இருப்பாங்க, பிரச்சினை இல்ல. இது ட்ரையல்தானே? லிங்க் இருக்கிறது நம்ம மூணு பேர்கிட்ட மட்டும்தான். நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி நானே ஒரு தடவை திறந்து வெக்கலாம்னு இருந்தேன். உங்ககூட இங்கயே மாட்டிக்கிட்டேன். கண்டிப்பா தோத்துடுவேன்னுதான் நெனச்சேன். நீங்க திறந்தீங்களா?"

"நான் இப்பத்தான் தொடறேன்" என்றார் மேடம்.

இரண்டு பேரும் கலியமூர்த்தியைப் பார்த்தார்கள். அவர் மெதுவாக உட்கார்ந்தார்.

மூன்று ஐம்பத்தைந்துக்கு இதே அறையின் வாசலில் நின்று, அவள் வேலையின் லட்சணம் என்னவென்று பார்க்கத் தன் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தவர் அவர்தான். ஐம்பத்திரண்டு விநாடி ஆனதைப் பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சிரித்துக்கொண்டே உள்ளே வந்திருந்தார்.