ஐம்பது மெகாவாட்

அணுமின் நிலையத்தை மூடி ஒரு வருடமாகிவிட்டது. உலையில் எரிபொருள் இல்லை, நீராவி இல்லை. ஜெனரேட்டரின் சுழலியைக் கழற்றி, வெளியே தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார்கள். ஆனாலும் கட்டுப்பாட்டு அறையில் மீட்டர் முள் ஐம்பது மெகாவாட்டில் நின்றது. மீட்டரை மாற்றினார்கள். வெளியே போகும் மின்கம்பியையே வெட்டிப் பார்த்தார்கள். முள் வீம்புக்கு அங்கேயே நின்றது.

மின்தொகுப்பு மையத்திலிருந்து மணிக்கொரு முறை போன் வரும். இங்கிருந்து சொல்லும் எண்ணை அங்கிருப்பவர் திருப்பிச் சொன்னால்தான் அது செல்லும்.

"பூஜ்யம்னு சொல்லித் தொலைம்மா. மேல இருக்கறவங்க என் உயிர எடுக்கறாங்க," என்றார் மேலாளர்.

"அங்க வந்து சேருதுங்கறாங்க சார். வர்றத வரலன்னு என் வாயால சொல்ல மாட்டேன்," என்றாள் ஆபரேட்டர். இருபது வருடம் அந்தச் சுழலியோடு மல்லுக்கட்டியவள்.

மேலாளருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பழைய இரும்பு எடுப்பவர்களை வரவழைத்து, அன்று மதியமே சுழலியை டிரெய்லர் லாரியில் ஏற்றி அனுப்பினார். லாரி வாசலைத் தாண்டியதும் முள் பொத்தென்று பூஜ்யத்தில் விழுந்தது. போன் அடித்தது.

"பாத்தியா? இப்பவாவது சொல்லு!"

அவள் ரிசீவரை எடுத்தபடி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கொளுத்தும் வெயிலில், லாரி கடக்கக் கடக்கத் தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்துகொண்டே போயின.

"அம்பது," என்றாள், மேலாளரின் முகத்தைப் பார்த்தே.

"அம்பது," என்று திருப்பிச் சொன்னது எதிர்முனை. "இங்கயும் அதேதான் காட்டுதுக்கா."