வாசலுக்கு வந்த ஜீப்

விடுமுறையில் வீட்டிலிருந்த சசிகுமார், நகராண்மைக் கழக ஜீப் லயத்து வரிசை வீடுகளுக்குள் நுழைவதைப் பார்த்ததும் போனைக் கையில் எடுத்தான்.

"லோகா, என்னைத் தேடித்தான் வர்றானுங்க! நேத்து பேஸ்புக்குல போட்டது ரெண்டாயிரம் ஷேர் போயிருச்சு."

"சந்தியில லைட் இல்ல, வேலம்மா அக்காவை லோரி மோதிருச்சுன்னுதானே எழுதுனீங்க?" என்றாள் மனைவி லோகேஸ்வரி.

"ஆபீசருங்க எல்லாம் திருடனுங்கன்னும் எழுதிட்டேன் லா!"

பதிவை அழித்தான். பயம் போகவில்லை. கணக்கையே மூடினான். அதற்குள் கதவு தட்டப்பட்டது.

"நான் இல்லேன்னு சொல்லிரு" என்று அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டான்.

வெளியே மலாய் மொழியில் பேச்சுக் குரல். காகிதங்கள் புரளும் சத்தம். பிறகு அதிகாரியின் குரல் தெளிவாகக் கேட்டது.

"இது நீங்கள் எழுதியதுதானே? இங்கே கையெழுத்துப் போடுங்கள்."

தன் குற்றத்துக்கு அவளா மாட்டிக்கொள்வது? சசிகுமார் பாய்ந்து வெளியே வந்தான்.

"நான்தான் எழுதினேன்! அவளுக்கு ஒன்றும் தெரியாது!"

அதிகாரி குழப்பத்துடன் கையிலிருந்த மனுவைப் பார்த்தார்.

"ஆறு வாரமாகத் திங்கட்கிழமைதோறும் அலுவலகம் வந்து கேட்டது இந்த அம்மாதானே? விளக்குக் கம்பம் நடும் இடத்தைக் காட்டச் சொல்லி வந்தோம். லயத்தில் எண்பத்தேழு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இந்த வீட்டில் இவர் பெயர் மட்டும்தான் இருக்கிறது, உங்கள் பெயர் இல்லையே?"

சசிகுமார் மனைவியைப் பார்த்தான்.

"ரெண்டு தடவை மனுவை நீட்டுனேங்க" என்றாள் அவள் மெதுவாக. "போன்ல முக்கியமா எழுதுறேன், அப்புறம் வான்னு சொல்லிட்டீங்க."