நிமிஷம் என்ன விலை

விமானம் எங்கே கீழிறங்கத் தொடங்க வேண்டும் என்பதை அதன் கணினிதான் முடிவு செய்யும். எரிபொருளோடு ஒப்பிட்டால் நேரம் எவ்வளவு பெறும் என்று ஒரே ஒரு எண்ணை மட்டும் அதற்குச் சொல்லிவிட வேண்டும். கம்பெனி சொல்லி வைத்திருந்த எண் பதினெட்டு. நேரம் அங்கே மலிவுச் சரக்கு.

பன்னிரண்டாம் வரிசையில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்ததும், கேப்டன் சற்குணம் அதை முந்நூறுக்கு ஏற்றினார். வேகம் கூடியது, இறங்கத் தொடங்கும் இடமோ இன்னும் தள்ளிப்போனது. மேலேயே விரைந்து போய்க் கடைசியில் சரசரவென்று இறங்குவதுதான் கணினிக்குத் தெரிந்த அவசரம். அவ்வளவு ஏற்றியும் அது மிச்சப்படுத்தித் தந்தது நான்கே நிமிடம்.

சரிந்தவரின் மனைவிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? "இன்னும் மேலயே ஓட்டுறாங்களே, பாவிங்க! இறக்கச் சொல்லும்மா!" என்று பணிப்பெண் ரெஜினாவின் கையைப் பிடித்துக் கதறினாள்.

பத்து நிமிடத்தில் ரெஜினா கேப்டனைப் போனில் அழைத்தாள். "போயிட்டார் சார். டாக்டர் ஒருத்தர் இருந்தார், பார்த்துட்டார். அந்தம்மாகிட்ட தூங்குறார்னு சொல்லி வெச்சிருக்கோம்."

"சரிம்மா."

போனை வைத்த கையோடு முந்நூறை அழித்துப் பதினெட்டு என்று அடித்தார் கேப்டன். தள்ளிப்போயிருந்த இடம் சட்டென்று பக்கத்தில் வந்து நின்றது. இன்ஜின் சத்தம் அடங்க, விமானம் நோகாமல் மூக்கைத் தாழ்த்தியது.

மனைவி கணவரின் போர்வையைச் சரிசெய்து, காதருகே குனிந்தாள்.

"என்னங்க, இறக்குறாங்க. நான் போட்ட சத்தத்துல பயந்துட்டாங்க."