குழாயடிச் சாட்சி

"ஆறு மாசமா இவ என் உயிர வாங்கறா சார்! இவளுக்கு ரேஷன் கார்டு ஒண்ணுதான் கேடு!"

முத்தம்மா காலிக் குடத்தை நடுத்தெருவில் ணங்கென்று வைத்தாள். அல்சூரின் அந்தச் சந்தில் சாத்தியிருந்த கதவுகள் மளமளவென்று திறந்தன.

அதுவரை எல்லாம் சட்டப்படி அமைதியாகத்தான் நடந்துகொண்டிருந்தது. கடையையும் காதுக் கம்மலையும் பர்மாவில் பறிகொடுத்துவிட்டுக் கப்பலேறி வந்த சரசுவின் குடும்பத்தைச் சர்க்கார் இரண்டு கைகளையும் நீட்டித்தான் வரவேற்றது. இரண்டு கையிலும் ஃபாரம்.

ஒரே தெருவில் ஆறு மாதம் குடியிருந்தவர்களுக்குத்தான் கார்டு. கார்டு இருந்தால்தான் அரிசி. ஆறு மாதம் அரிசி இல்லாமல் உயிரோடு இருந்து காட்டினால், அப்புறம் தாராளமாக அரிசி கொடுப்பார்கள். எந்த மகான் யோசித்தானோ, அவன் நன்றாயிருக்கட்டும்!

ரேஷன் இன்ஸ்பெக்டர் கிருஷ்ணப்பா சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, கதவு கதவாகத் தட்டி, கன்னடம் கலந்த தமிழில் விசாரித்திருந்தார். "இந்த அம்மா ஆறு மாசமா இங்கே இருக்காங்களா?"

"நமக்குத் தெரியாதுங்க." சர்க்கார் ஆளைக் கண்டால் சொந்த அண்ணனையே தெரியாது என்று சொல்லும் ஜனங்கள். மூலை வீட்டு பிரிஜெட் டீச்சர் மட்டும், "ரொம்ப நல்லவங்க சார். பாவம், கார்டு குடுத்துடுங்க" என்றாள்.

"நல்லவங்கன்னா ஆயிடுச்சா டீச்சரம்மா? ஒரு காப்பி வாங்கிக் குடுத்தா யார் பேக்காதரும், யார் வேணும்னாலும் நல்லவங்கன்னு சொல்லுவாங்க." அந்தச் சாட்சி அதோடு செத்தது.

சரசுவின் சின்னப் பெண், சோற்றுக்குப் பதிலாகத் தின்றுகொண்டிருந்த பன்னைப் பாதியில் வைத்துவிட்டு, "சோறு எப்பம்மா?" என்று கேட்டது. கிருஷ்ணப்பா அலட்டிக்கொள்ளாமல் சிவப்புப் பென்சிலை எடுத்தார். "சாட்சி இல்லம்மா. ஆறு மாசம் கழிச்சு அப்ளை பண்ணு."

முத்தம்மா வந்து குடத்தை வைத்தது அந்த நேரத்தில்தான்.

"நீ யாரும்மா?"

"எதுத்த சந்து முத்தம்மா. தீவாளிக்கு முன்ன வந்து சேந்தா சார் இந்த ரங்கூன் மகாராணி. அன்னிலேருந்து குழாயடில எனக்கு ஒரு குடம் தண்ணி உண்டா? கேட்டா, கையில கெடச்சத எடுத்து அடிக்க வரா!"

சரசு ஒரு கணம் திருதிருவென்று விழித்தாள். பிறகு முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"ஆமாண்டி! நீ ஒருத்தியே வரிசையா அஞ்சு குடம் வெச்சா, நாங்க வாயில மண்ணா போட்டுக்கறது?"

"பாத்தீங்களா சார் வாய! பொங்கலன்னிக்கு என் புதுப் பானைய ஒடச்சவ இவ!"

"நீ என் முடியப் புடிச்சு இழுத்தியே, அதச் சொல்லுடி!"

சண்டை என்றதும் தெருவுக்கு ஞாபகசக்தி திரும்பிவிட்டது. 'தெரியாது' என்று கதவைச் சாத்தியவர்கள் எல்லாரும், "ஆமா சார், தெனம் இதே ரகளதான்" என்று தலையாட்டினார்கள்.

கிருஷ்ணப்பாவின் முகம் மலர்ந்தது. நல்ல வார்த்தைக்கு ஆள் பிடிக்கலாம், இப்படி வயிறெரிந்து திட்ட ஆள் பிடிக்க முடியுமா? ஆனாலும் கடமை என்று ஒன்று இருக்கிறதே.

"ஆயித்து, ஆயித்து, போதும். இவங்க பேரு ஏனு? அதையும் சொல்லிடு."

"அவ பேர என் வாயால சொல்றதா? சொன்னா வாய் கொப்புளிக்கணும் சார்! தண்ணிக்கு எங்க போவேன்? அதான் பூராத்தையும் இவளே புடிச்சுக்கறாளே!"

தெருவே சிரித்தது. கிருஷ்ணப்பாவும் சிரித்துக்கொண்டே ஃபாரத்தில் கையெழுத்தைக் கிறுக்கினார். "விரோதியே சாட்சி சொல்லியாச்சு. இதுக்கு மேல என்ன பேக்கு, என்ன வேணும்? நாளைக்கு ஆபீசுக்கு வந்து கார்டு வாங்கிக்கோம்மா." சட்டத்தைக் காப்பாற்றிவிட்ட திருப்தியோடு சைக்கிளை மிதித்தார்.

சைக்கிள் கோயில் திருப்பத்தில் மறைந்ததுதான் தாமதம், சரசு ஓடிவந்து முத்தம்மாவின் கைகளைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"அட, எதுக்கு அழுவற? யுத்தத்தப்ப பர்மாலேருந்து நடந்தே வந்து சேந்தேன். அன்னிக்கு எங்கூட சண்ட போட ஒரு நாதி இல்ல. கார்டு இல்லாம கொழந்தைங்கள வெச்சுக்கிட்டு நான் பட்ட பாடு அந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும்."

முத்தம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, காலிக் குடத்தை இடுப்பில் ஏற்றினாள். இரண்டடி நடந்தவள் நின்று திரும்பினாள்.

"ஆமா, உன் பேரு என்னம்மா?"